குலுங்காத பாதை

நாலாவது வரிசையின் பன்னிரண்டாவது குழிக்குள் கசிமிரோ முட்டி போட்டு உட்கார்ந்திருந்தான். இடுப்பளவு ஆழம் போனதும் மண்வெட்டியை மேலே கொடுத்துவிட வேண்டும் என்பது உத்தரவு. அதற்குப் பிறகு கையும் சின்னக் கரண்டியும்தான். ஜூன் மாதத்து மழை தொடங்கிவிட்டதால் மண் களியாகி விரல் இடுக்கில் அப்பிக்கொண்டது. விலா எலும்புகளைத் தாண்டி, கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தடவினான். சிப்பாயின் பெயர்த் தகடு தட்டுப்பட்டது. கட்டைவிரலால் சேற்றைத் துடைத்து மேலே நீட்டினான்.

விளிம்பில் நின்ற தொரிபியோ அதை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எழுத்து எழுத்தாகக் கத்தினான். கூடாரத்துக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருந்த அமெரிக்க லெப்டினன்ட் எழுதிக்கொண்டார். வெள்ளைத் துணி ஒன்று வந்தது. எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார்கள். விரல் எலும்பு ஒன்று குறைந்தாலும் திரும்ப இறங்கித் தேட வேண்டும். கசிமிரோ இரண்டு முறை இறங்கினான். பிறகு துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்து, மூடியின் மேல் பெயரை எழுதினார்கள்.

"எந்த ஊர்க்காரன்டா இவன்?" என்று கேட்டபடி கசிமிரோ கையைக் காற்சட்டையில் துடைத்தான்.

"ஊரெல்லாம் தகட்டுல போடமாட்டான். ரத்தம் என்ன வகைன்னு போட்டிருக்கான். இனிமே அது எதுக்கு இவனுக்கு?" என்றான் தொரிபியோ.

நான்கு வருடங்களுக்கு முன், உலகப்போரில், பிலிப்பைன்ஸின் பத்தானில் படை சரணடைந்தபோது, கசிமிரோவும் அவன் தம்பி நர்சிசோவும் இதே அமெரிக்கர்களோடு ஒரே கொடியின் கீழ்த் துப்பாக்கி பிடித்திருந்தார்கள். ஜப்பான்காரன் எல்லோரையும் வெயிலில் நடத்திக்கொண்டு வந்து இந்த முகாமில் அடைத்தான். அமெரிக்கர்கள் பாதைக்கு இந்தப் பக்கம், பிலிப்பினோக்கள் அந்தப் பக்கம். செத்தவர்களைப் புதைத்ததும் அப்படித்தான். இந்தப் பக்கம் செத்தவர்களின் பெயரை எழுதி வைக்க ஓர் அதிகாரி மிஞ்சியிருந்தார். அந்தப் பக்கம் ஒரே நாளில் முன்னூறு, நானூறு பேர் விழுந்தபோது, எழுதவும் ஆளில்லை, எழுதிக்கொள்ளக் காகிதமும் இல்லை. கழுத்துத் தகடு அவர்களில் பாதிப் பேருக்கு வந்தே சேரவில்லை.

நண்பகலில் பெலிசா வந்தாள். நர்சிசோவின் மனைவி. வாழையிலையில் கட்டிய சோற்றையும் கருவாட்டையும் கசிமிரோவின் பக்கத்தில் வைத்துவிட்டு, வேலியோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, இன்னைக்காவது கேட்டீங்களா?"

"லெப்டினன்ட் காலையிலேர்ந்து கூடாரத்தை விட்டு வெளிய வரல."

"ஃபாதர் மறுபடியும் சொல்லிட்டாரு. காகிதம் இல்லாம கல்யாண ஓலை வாசிக்கமாட்டாராம். புருஷன் காணாமப் போனவனா, செத்தவனான்னு பட்டாளத்தான் எழுதித் தரணுமாம்."

"உன்னைக் கட்டிக்கப்போறவன் கிரிஸ்புலோ என்ன சொல்றான்?"

"அவரு என்ன சொல்வாரு? வண்டி எருமையைத் தடவிக்கிட்டு நிக்கிறாரு. அவங்கம்மாதான் பேசுது. 'இன்னும் எத்தனை மழைக்குக் காத்துக்கிட்டு இருப்பே, ஊர்ல வேற பொண்ணு இல்லையா'ன்னு."

கசிமிரோ கருவாட்டைப் பிய்த்தான். சாப்பிடவில்லை.

"நீங்கதான் கண்ணால பார்த்தீங்களே, அண்ணே. அது போதாதா?"

"சர்க்கார் ஆபீசுல போதாதுங்கிறாங்க. கூடப்பொறந்தவன் சாட்சி செல்லாதாம். மேலதிகாரி கையெழுத்து வேணுமாம். எங்க கேப்டன் தம்பி சாகுறதுக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துட்டாரு. அவரையும் நான்தான் தூக்கினேன்."

அவன் அவளிடம் சொல்லாதது ஒன்று இருந்தது. அந்தப் பக்கத்துக் குழிகளில் மூன்றடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். போட்ட உடல் மிதக்கும். மண் விழும்வரை மூங்கில் கழியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நர்சிசோவை அழுத்திப் பிடித்தது கசிமிரோதான். அவனுக்கும் அப்போது காய்ச்சல். இரண்டு முறை கழி வழுக்கித் தம்பியின் முகம் மேலே வந்தது.

சாப்பாடு முடியும் முன்பே மேஸ்திரி பிராவ்லியோ குடையோடு வந்தார்.

"எல்லாரும் குழியை விட்டுட்டு வாங்கப்பா. நேத்து மழையில பாலத்தை ஆறு தூக்கிட்டுப் போயிருச்சு. மூணு மணிக்கு லாரி வருது. நாலரைக்கு ரயில். அந்தப் பக்கத்துப் புல்லுவழியா சுத்தித்தான் போகணும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டான் கசிமிரோ.

மேஸ்திரி குடையால் காட்டினார். ஆளுயரக் கோகோன் புல் மண்டிய வெளி. "தரை நல்லாத்தான் இருக்கு. நடுவுல நீளம் நீளமா பள்ளம் விழுந்திருக்கு, அதுதான் தொல்லை. டயர் இறங்கினா பெட்டியெல்லாம் குலுங்கும். சரளைக்கல்லு போட்டு நிரவுங்க."

யாரும் நகரவில்லை. இருபது பேரில் ஆறு பேர் முகாமில் இருந்தவர்கள். அந்தப் பள்ளங்கள் ஏன் விழுந்தன என்று அவர்களுக்குத் தெரியும். உள்ளே இருந்தவை மட்கியதும் மண் தானாக இறங்கியிருந்தது.

"மேஸ்திரி, அது நம்ம ஆளுங்க படுத்திருக்கிற இடம்" என்றான் கசிமிரோ.

"தெரியும்டா. என் மச்சினன் மகனும் அங்கதான் கிடக்கான். நான் என்ன பண்ண? இவனுங்களைத் தலையிலயா சுமந்துக்கிட்டுப் போறது?"

கசிமிரோ தொரிபியோவைப் பார்த்தான். "வா. லெப்டினன்ட்கிட்டச் சொல்லு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே."

"எனக்கு வர்ற இங்கிலீஷ் 'யெஸ் சார்' மட்டும்தான் மச்சான். 'நோ சார்' எவன் சொல்லிக் குடுத்தான்?" என்று முனகினாலும் தொரிபியோ கூடவே போனான். பெலிசாவும் எழுந்து பின்னால் நடந்தாள்.

லெப்டினன்ட்டுக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. தொரிபியோ சொன்னதை முழுதாகக் கேட்டார். வரைபடத்தை விரித்தார். பாதைக்கு இந்தப் பக்கம் கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன. அந்தப் பக்கம் வெறும் காகிதம். அவர் எழுந்து கூடார வாசலுக்கு வந்து புல்வெளியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு மாட்டிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"தனக்குத் தெரியாதுங்கிறாரு. வருத்தமா இருக்குதாம். அறிக்கையில எழுதுவாராம். ஆனா ரயிலை நிறுத்தமுடியாதாம்" என்றான் தொரிபியோ.

"எழுதுறாருன்னா அதுலயே ஒரு பேரையும் எழுதச் சொல்லு. நர்சிசோ லக்சமானா. செத்துட்டான், இங்க கிடக்கான். அவ்வளவுதான். இந்தப் பொண்ணுக்கு அது போதும்."

லெப்டினன்ட் பெலிசாவைப் பார்த்தார். மெதுவாகப் பேசினார்.

"என்னடா சொல்றாரு?"

"தகடு வேணும், இல்லேன்னா பல்லோட வரைபடம் வேணும். அது இல்லாம ஒரு பேரையும் எழுத இவருக்கு அதிகாரமில்லையாம். அதோட, நம்ம ஆளுங்க இவரோட பொறுப்புல இல்லையாம். அடுத்த மாசம் நமக்குச் சுதந்திரம் வருதாம். அந்தச் சர்க்கார்கிட்டக் கேக்கணுமாம்."

"அந்தச் சர்க்கார் ஆளுதானே மேலதிகாரி கையெழுத்து கேட்டது?" என்றாள் பெலிசா.

லெப்டினன்ட் சிகரெட் பெட்டியை நீட்டினார். தொரிபியோ ஒன்றை எடுத்துக் காதில் செருகிக்கொண்டான். கசிமிரோ எடுக்கவில்லை.

வெளியே சரளைக்கல் வண்டி வந்து நின்றிருந்தது. புல்லை வெட்டி ஒதுக்கியதும் பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர் நின்றது. உடைந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து எண்ணினான் கசிமிரோ. மூன்றாவது. அதற்குள் ஒரு பையன் கூடைக் கல்லை உயரத் தூக்கியிருந்தான்.

"நிறுத்துடா" என்று ஓடினான் கசிமிரோ. "இதை நான் பார்த்துக்கிறேன். நீ அடுத்ததுக்குப் போ."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கசிமிரோ கூடையைக் கொட்டவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, கல்லைக் கை கையாக அள்ளித் தண்ணீருக்குள் இறக்கினான். காலையில் எலும்பு எடுத்த அதே கைகள். தண்ணீர் கலங்கி மேலே ஏறிற்று. பெலிசா பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதுலயா?"

"ம்."

"தனியாவா?"

"இல்ல. முப்பது பேர் இருப்பாங்க." கல் வைத்துக்கொண்டே சொன்னான். "தண்ணி ஊறிச்சு, பெலிசா. மிதந்தான். நான்தான் கழியால அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு தரம் வழுக்கிருச்சு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு பாவாடையை இடுக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, கூடையிலிருந்து கல்லை எடுத்து அவன் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். இருவருமாக நாற்பது கூடை போட்டார்கள். கடைசியில் அவன் உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தான்.

மூன்றரை மணிக்கு லாரிகள் அந்தப் பாதையில் ஏறின. தொழிலாளர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும் என்று உத்தரவு. நின்றார்கள். முதல் லாரியில் பெட்டிகளின் மேல் கொடி விரித்து நான்கு முனையிலும் கயிறு கட்டியிருந்தது. நடக்கும் வேகத்தில் வந்தது. முதல் பள்ளம், இரண்டாவது. கல் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஓட்டுநர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பாதையைப் பார்த்து, மேஸ்திரியிடம் 'நன்று' என்பதுபோலக் கையைக் காட்டினான்.

பெலிசா மூன்றாவது பள்ளத்தின் விளிம்பில், போட்ட கல்லை மிதிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். ஹாரன் அடித்தது.

"ஏம்மா, ஓரமாப் போ. பாதையில நிக்காதே" என்று கத்தினார் மேஸ்திரி.

அவள் ஓரமாக நகர்ந்தாள். லாரி ஏறிக் கடந்தது. பெட்டி ஒன்றுகூட அசையவில்லை.