முழங்கால் உயரம்

மேசைமேல் கிரிசாந் பரப்பி வைத்த படங்கள் எல்லாவற்றிலும் காத்தமுத்துவின் கால்கள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே மட்டும். மடித்துக் கட்டிய சாரத்தின் ஓரம், அட்டை கடித்த தழும்புகள், இடது காலில் கோணிப்போன பெருவிரல். வெள்ளையம்மா ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபத்திரண்டு படங்களில் அவள் புருஷனின் முகம் ஒன்றில்கூட இல்லை.

முகம்தான் வேண்டும் என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். காணாமல் போனவர்களுக்காக மனு வாங்கும் அலுவலகத்தில், போட்டோ இல்லாத மனுவை மேலே அனுப்ப மாட்டார்களாம். அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. கல்யாணப் படத்தை 2003 வெள்ளத்தில் அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுப் பின்சுவரோடு சேர்த்து மண் கொண்டுபோனது. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவனை ஒரு படம் எடுத்து வைக்கத் தோன்றவில்லையே என்று அவள் தன்னையே வைதுகொண்டாள். பக்கத்திலேயே இருக்கிற மனிதனை யார்தான் படம் பிடித்து வைக்கிறார்கள்?

கிரிசாந் யாழ்ப்பாணத்துக்காரன், முப்பது வயது, இரத்தினபுரியில் அரசாங்க வேலை. சமாதான காலத்தில், காத்தமுத்து வேலை செய்த றப்பர் தோட்டத்துக்கு மேலே இருக்கும் காட்டுக்கு விலங்குகளைப் படம் பிடிக்க வரத் தொடங்கினான். ஏதாவது குறுக்கே போனால் தானாகவே படம் எடுக்கிற பெட்டி ஒன்றைக் காத்தமுத்துவைக் கொண்டு மரத்தில் கட்டி வைத்தான். சிறுத்தைக்காகக் கட்டியது, அதனால் சிறுத்தையின் உயரத்தில். சண்டை மறுபடி தொடங்கியதும், யாழ்ப்பாணம் என்ற ஊர்ப் பெயரோடு கமராவைத் தூக்கிக்கொண்டு காட்டில் திரிய அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நியாயமான பயம்தான். அதைக் கொண்டுபோய்க் காத்தமுத்துவின் தோளில் ஏற்றிவிட்டான். வாரம் ஒருமுறை, றப்பர் மலையில் பால் வெட்டு முடிந்ததும், காத்தமுத்துதான் காட்டுக்கு ஏறிப் பிலிம் மாற்றுவான். மாற்றியதும் பெட்டி வேலை செய்கிறதா என்று ஒருதரம் முன்னால் நடந்து பார்ப்பான். பிலிமைக் கழுவக் கொழும்புக்குக் கொண்டுபோனதும் அவன்தான். போன மாசியில் இரண்டு சுருளோடு போனவனை, பஸ் நிலையத்துக்கு வெளியே யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள் என்று கடலை விற்கிறவன் சொன்னான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருந்தன.

“இன்னும் ஒண்டு இருக்கு அக்கா,” என்றான் கிரிசாந், அவள் முகத்தைப் பார்க்காமல். “காட்ட மனம் வரேல்லை.”

உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். அதில் காத்தமுத்து கைகளையும் முழங்கால்களையும் மண்ணில் ஊன்றி, பெட்டியை நேராகப் பார்த்து, பல் அத்தனையும் தெரிய உறுமிக்கொண்டிருந்தான். வெளிச்சம் பட்டுக் கண் இரண்டும் வெளுத்திருந்தன.

“பெட்டி கட்டின முதல் நாள் எடுத்தது. சிறுத்தை மாதிரி வாங்கோ எண்டு நான்தான் சொன்னனான். ரெண்டு பேரும் சிரிச்சுக்கொண்டு நிண்டனாங்கள்.”

அவளிடம் அவன் ஒருநாளும் இப்படி விளையாடியதில்லை. வேலை விட்டு வந்தால் முகம் கழுவுவான், சாப்பிடுவான், சாய்ந்துவிடுவான். யாரோ ஒரு உத்தியோகக்காரர் காட்டுக்குள் வைத்துக் கேட்டதும் அவனுக்கு விளையாட்டு வந்திருக்கிறது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இந்த நேரத்திலா என்று வெட்கமாகவும் இருந்தது.

“நீங்க ஒருதரம் கொழும்புக்கு வந்து சொல்லுங்க சேர். ஒங்க வேலையாத்தான் போனாருன்னு.”

கிரிசாந் படங்களை அடுக்கத் தொடங்கினான். அடுக்கி முடித்ததையே கலைத்து மறுபடி அடுக்கினான்.

“என்னையும் கொண்டுபோயிடுவாங்கள் அக்கா,” என்றான்.

பெல்மதுளையில் ஸ்டூடியோ வைத்திருந்த பளீல், படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி முகத்தை மட்டும் வெட்டினார். வெட்டிய பிறகு இன்னும் மோசமாக இருந்தது. காடு இல்லை, ஊன்றிய கை இல்லை, பல்லைக் காட்டும் ஒரு மனிதன் மட்டும்.

“இதக் குடுத்தா பைத்தியம்னு நெனைப்பாங்க தங்கச்சி. வாய மூடி, கண்ணையும் சரி பண்ணித் தாறேன்.”

அரைமணி நேரம் பாடுபட்டார். வாய் மூடிக்கொண்டது. கண்ணுக்கு வேறு யாருடையதோ கருமணி வந்தது. ஒரு சட்டைக் கொலரும் போட்டுவிட்டார். கச்சிதமாக ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். வெள்ளையம்மா அவனை அதற்கு முன் கண்டதே இல்லை.

“இவரு இல்லீங்க,” என்றாள்.

“மொகம் இருக்குதானே,” என்றார் பளீல். இதமாகத்தான் சொன்னார்.

அதையே கொடுத்தாள். கொழும்பில் வாங்கி, மனுவில் ஒட்டி, முத்திரை குத்தி, தேடுகிறோம் என்றார்கள். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை, அவனைத்தான் தேடப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மனுவும் போய்விடும்.

ஐப்பசியில் கிரிசாந் வேலையில் இடமாற்றம் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டான். பெட்டியைக் கழற்ற யாரும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளையம்மா றப்பர் மலையைத் தாண்டி மேலே ஏறினாள். எதற்கு என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பெட்டி மரத்தில் அப்படியே இருந்தது. கயிற்றில் காத்தமுத்து போடும் அதே இரட்டை முடிச்சு. மரப்பட்டை அதைச் சுற்றிப் புடைத்திருந்தது.

முன்னால் போய் நின்றாள். நின்றால் கால்தான் விழும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரச் சருகில் கைகளை ஊன்றி, முழங்காலில் இறங்கினாள். பெட்டியின் கண்ணாடிக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய், ஒருதரம் பல்லைக் காட்டினாள். படம் எடுக்கிற சத்தம் எதுவும் வரவில்லை. அப்படியே காத்திருந்தாள். மணிக்கட்டில் அட்டை ஏறியது, அவள் தட்டிவிடவில்லை. பெட்டியின் அடியிலிருந்த ஓட்டையிலிருந்து எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வெளியே வந்தன.