ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு சிகரெட்

மூக்குக்குக் கீழே வந்ததும் அவன் கையிலிருந்த ரேசர் நின்றது. கன்னம், தாடை, கழுத்து எல்லாம் மழித்தாகிவிட்டது. மீசையை என்ன செய்வதென்று யாரும் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். காலை ஆறரைக்கு மூச்சு நின்றது. இப்போது மணி ஒன்பது. வண்டி மூன்று மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அண்ணி, மீசை?"

அண்ணி இஸ்திரி போட்ட சட்டையோடு கதவருகில் நின்றிருந்தாள்.

"இருக்கட்டும் தம்பி. மீசை இல்லாட்டி எனக்கே அவரை அடையாளம் தெரியாது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். மூன்று வருஷமாக அந்த மனிதருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. சட்டையைக் கட்டில் கம்பியில் போட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் போனாள்.

அவன் மீசையின் ஓரங்களை மட்டும் கத்தரியால் ஒதுக்கினான். முழுக்க வெள்ளை. ஒரு காலத்தில் நடுவில் இரண்டு விரல்கடைக்கு மஞ்சள் ஏறியிருக்கும். வலது கையில் இரண்டு விரல்களும் அப்படித்தான், என்ன சோப்புப் போட்டாலும் போகாது. இப்போது அந்த விரல்கள் குழந்தையின் விரல்கள் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

சிகரெட்டை நிறுத்தச் சொல்லி அண்ணி முப்பது வருஷம் மல்லுக்கட்டினாள். ஒளித்து வைத்தாள், தண்ணீரில் நனைத்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் நிறுத்தியது மறதி நோய்தான். அதுவும் உடனே இல்லை. முதலில் பிடித்ததை மறந்து பிடித்தார். சாம்பல் கிண்ணம் நிரம்பி வழியும். "காலைலேருந்து ஒண்ணு கூடப் பிடிக்கலடா, ஒண்ணு குடு" என்பார். அப்படி ஒன்றரை வருஷம் ஓடியது. பிறகு ஒருநாள் இவன் பற்றவைத்துக் கொடுத்ததை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யாரோடது?" என்று கேட்டார். இவன் பதில் சொல்வதற்குள் நெருப்பு முனையைத் தொட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

துறைமுகத்தில் அண்ணனுக்குப் பெயர் பருந்து. கிரேன் ஓட்டுகிறவர். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி லாரியின் முதுகில் முட்டை வைப்பதுபோல் வைப்பார். கீழே நின்று சைகை காட்டுவது இவன் வேலை. அதனால் இவனுக்குப் பெயர் கைகாட்டி. இருபத்திரண்டு வருஷம் அண்ணன் மேலே, தம்பி கீழே. தூக்கு, இறக்கு, கொஞ்சம் இடது, நிறுத்து. வீட்டில் பேசியதைவிட அங்கே பேசியது அதிகம், அதுவும் வாயைத் திறக்காமல்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயதில், ஒரு பெட்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. இவன் "இறக்கு" என்று கை காட்டினான். இறங்கவில்லை. மறுபடி காட்டினான். கீழே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். இவன் ஏணியில் ஏறி மூச்சு வாங்கக் கூண்டைத் திறந்தபோது அண்ணன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டில் சிகரெட் முழுதும் சாம்பலாகி வளைந்து நின்றது.

"டேய், நீ கீழேருந்து கையைக் காட்டிட்டே இருக்கே. என்னவோ சொல்றேன்னு தெரியுது. என்னன்னு தெரியலடா."

அன்றைக்கே அவனுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவும் இப்படித்தான் ஆரம்பித்தாள். கையில் கரண்டியோடு நின்று, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டாள்.

கைகாட்டி ரேசரைக் கழுவி வைத்தான். அண்ணனுக்குச் சட்டை மாட்ட மகள் வந்து கை கொடுத்தாள். முப்பது வயது. மருந்துக் கடையில் வேலை. அப்பாவின் கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது, "பழக்கமாயிடுச்சு சித்தப்பா. உயிரோட இருக்கும்போதும் இப்படித்தான் போட்டு விட்டேன். இன்னிக்குச் சண்டை போடல, அவ்வளவுதான்" என்றாள். சிரிக்க முயன்றாள். வரவில்லை.

பத்து மணிக்கு மேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கைகாட்டி பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகளை வாங்கி வந்து போட்டான். துறைமுகத்தின் பழைய சூப்பர்வைசர் வந்தார். கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்து, "என்ன வயசும்மா?" என்று கேட்டார்.

"அறுபத்து மூணு."

"போற வயசே இல்லையேம்மா."

"எல்லாம் அந்தச் சிகரெட்டுதான்" என்றாள் அண்ணி. "குடும்ப ரத்தத்துலயும் இருக்காம். போன வருஷம் டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர் சொன்னார். ரத்தத்துல அது இருந்து, கூடவே சிகரெட்டும் சேர்ந்தா ஆபத்து கூடுமாம். சிகரெட்டை விட்டிருந்தா வந்திருக்காதான்னு கேட்டேன். அதை யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா, கொஞ்சம் தள்ளிப் போயிருக்கலாம்னார். கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்."

சூப்பர்வைசர் தலையை ஆட்டினார்.

"என் பேச்சைக் கேக்க மாட்டார். ஆனா டாக்டர்னா பயம். ஒரு ஊசிக்கே நடுங்குற ஆளு. ஒரே ஒரு டாக்டர் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டிருப்பார். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியே."

கைகாட்டி கையில் மடக்கு நாற்காலியோடு நின்றிருந்தான். அதை விரித்தான். உட்கார யாரும் இல்லை. மறுபடி மடக்கினான். பிறகு சுவரில் சாய்த்துவிட்டுப் பின்பக்கம் போய், மொட்டைமாடிப் படியில் ஏறினான்.

ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்.

பதினாறு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் கடைசி வாரம். அன்றைக்கு வார்டில் இவன் மட்டும்தான் இருந்தான். டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பேசுகிறவர். அம்மாவுக்கும் அவள் அக்காவுக்கும் ஒரே மாதிரி வந்திருப்பதைக் கேட்டுவிட்டு, இவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த பாக்கெட்டைக் காட்டினார்.

"கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு அண்ணன்."

"அவரும் பிடிப்பாரா?"

"என்னைவிட ஜாஸ்தி."

"உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் இது இருக்கலாம். இருந்தா வந்தே தீரும்னு இல்ல. சரிவுல நிறுத்தின வண்டி மாதிரின்னு வச்சுக்குங்க. அது பாட்டுக்கு நின்னாலும் நிக்கும். நீங்க பின்னாலேருந்து தள்ளிட்டே இருக்கீங்க. ரெண்டு பேரும் இன்னிக்கே விட்டுடுங்க. அண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க. வேணும்னா கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

படியிறங்கி வரும்போது சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் நின்றிருந்தார். பகல் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர். வாயில் இரண்டு சிகரெட்டை ஒன்றாக வைத்து, ஒரே குச்சியில் பற்றவைத்து, ஒன்றை எடுத்து இவனிடம் நீட்டினார். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கொடுப்பார்.

"டாக்டர் என்னடா சொன்னார்?"

நல்ல காற்று அடித்தது. சிகரெட் அணைந்துவிடுமே என்று இவன் அவசரமாக வாங்கி ஒரு இழுப்பு இழுத்தான்.

"வயசான வியாதிதானாம்" என்றான்.

நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தது. அம்மா போன பிறகு, காரியமெல்லாம் முடியட்டும் என்றிருந்தது. அண்ணன் விட்டால் தானும் விட வேண்டுமே என்றும் இருந்தது. அப்புறம் அது சொல்ல முடியாத விஷயமாக ஆகிவிட்டது. எப்போது அப்படி ஆனது என்று அவனுக்குத் தெரியவில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து சட்டைப் பையைத் தடவினான். இன்றைக்கு வேண்டாம் என்றுதான் காலையில் நினைத்திருந்தான். மூன்றாவது குச்சியில் பற்றியது.

படியில் காலடி கேட்டது. அண்ணன் மகள். அவன் சட்டென்று கையைப் பின்னால் கொண்டு போனான்.

"மறைக்காதீங்க சித்தப்பா. ஒண்ணு குடுங்க."

அவன் பார்த்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"நீயா?"

"நாலு வருஷமா. அப்பாவை ராத்திரி பகலாப் பாத்துக்கிட்டப்போ ஆரம்பிச்சது. அவர்கிட்டேருந்து பிடுங்கி வச்ச பாக்கெட்டெல்லாம் என் பீரோலதானே இருந்துச்சு."

பாக்கெட்டை நீட்டியது அவன் கைதான். அவள் பற்றவைத்து, நெருப்பு முனை உள்ளங்கைப் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டாள். உயரத்தில், காற்றில் நின்று பழகிய ஆள் பிடிக்கிற பிடி அது. அவள் ஒருநாளும் கிரேன் ஏறியதில்லை.

"கண்ணு" என்றான். "நீ டெஸ்ட் பண்ணிக்கணும். உனக்கு அது இருக்கா இல்லையான்னு..."

"எதுக்கு டெஸ்ட்? அப்பா ரிப்போர்ட்டை நான் படிச்சேன். இதுக்கான ஜீன் தாத்தா பக்கம் ஒண்ணு, பாட்டி பக்கம் ஒண்ணு, ரெண்டுமே அவருக்கு அதேதான். அவர் எனக்கு எதைக் குடுத்திருந்தாலும் அதுதான் வந்திருக்கும். வேற குடுக்க அவர்கிட்ட இல்ல." புகையை விட்டாள். "உங்களுக்குத்தான் சித்தப்பா சந்தேகம். எனக்கு ஒண்ணு நிச்சயம்."

கீழே தெருவில் ஒரு லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவையும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது என்று தோன்றியது. சொல்லத் தொடங்கினான். வார்டு, டாக்டர், சரிவில் நின்ற வண்டி, வாசல், ஒரே குச்சி, வயசான வியாதி. எதையும் விடாமல் சொன்னான். சொல்லி முடித்தபோது அவன் கையில் இருந்தது விரலைச் சுட்டது.

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சொல்லியிருந்தா விட்டிருப்பாரா?" என்று கேட்டாள்.

"டாக்டர்னா பயப்படுவாரு."

"நீங்க பயப்படலியே. உங்ககிட்ட நேராத்தானே சொன்னார். பதினாறு வருஷமா தெரியும்ல உங்களுக்கு?"

அவன் சுட்ட விரலைச் சட்டையில் தேய்த்தான்.

"எனக்கும்தான் தெரியும்" என்றாள். அடுத்த இழுப்பை இழுத்தாள். "தெரிஞ்சு?"

கொஞ்சம் கழித்து, "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. யாரோ சொல்லாம விட்டதாலதான் போனார்னு நினைச்சாத்தான் அவங்களால இருக்க முடியும். அந்த யாரோ நீங்கன்னு தெரிய வேண்டாம்" என்றாள்.

"விட்டுடு கண்ணு. நானும் விட்டுடறேன். இன்னிலேருந்து."

"சரி" என்றாள். சிகரெட்டைத் தொட்டிச் சுவரில் தேய்த்து அணைத்தாள். பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அதைத் தூக்கி எறியாமல், முனையை ஊதிச் சாம்பலைத் தட்டிவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவன் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

வண்டி மூன்றரைக்கு வந்தது. ஆறு பேர் தூக்கினார்கள். அண்ணன் கனமே இல்லை. கடைசி மாதங்களில் விழுங்கத் தெரியாமல் போய், ஊட்டியதெல்லாம் நெஞ்சுக்குள் இறங்கிச் சளியாகிக் கரைந்துபோன உடம்பு. வண்டிக்குள் ஏற்றும்போது சூப்பர்வைசர் கைகாட்டியின் தோளைத் தட்டி, "உன்னை மாதிரி ஒரு தம்பி யாருக்குய்யா கிடைப்பான்" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடக்கம் என்று அவர் நினைத்திருப்பார்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது ஆறு மணி இருக்கும். வந்தவர்கள் போய்விட்டார்கள். மகள் குளிக்கப் போனாள். கூடத்தில் கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாகத் தெரிந்தது. கைகாட்டி இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, கதவோரம் கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அப்ப நான் கிளம்பறேன் அண்ணி."

அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்து வந்து வாசல் கதவுக்குக் கீழே போட்டாள். கதவின் உச்சியில் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. அண்ணன் ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய், ரயில்பாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்த பிறகு, அவர் கண்ணில் படாத உயரத்தில் கைகாட்டியே முடுக்கிக் கொடுத்தது. அண்ணிக்குக் கை எட்டாது. நாலு வருஷமாகப் பொழுது சாய்ந்ததும் முக்காலியில் ஏறித்தான் போடுவாள்.

ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். தாழ்ப்பாளை முழுதாகத் தள்ளினாள். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். இறங்கி, முக்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

கைகாட்டி செருப்பைக் கீழே வைத்தான்.