ஒரு லிட்டர் தண்ணீரின் எடை

உலக நாடுகள் அனைத்தும் தத்தம் அலுவல்களைச் சற்று ஒத்திவைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய செய்தி இது: மூன்று மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, எங்கள் வீட்டு உப்பு ஜாடிக்குச் சீல் வைக்கப்பட்டது.

வைத்தவன் நான். எடை அளவுத் துறையில் ஆய்வாளர். தராசுத் தட்டுக்கு அடியில் கடைக்காரர்கள் ஒட்டிவைக்கும் மெழுகை இருபத்துநான்கு வருடங்களாகச் சுரண்டி எடுத்துக்கொண்டிருப்பவன். ஆபீஸில் சீல் அடிக்கும் இடுக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைச் சுற்றிக் கம்பி கட்டி, ஈயவில்லையை நசுக்கிவிட்டுத் திரும்பினேன். குடும்பம் வரிசையாக நின்றுகொண்டிருந்தது.

"இன்னையிலருந்து இந்த வீட்டுச் சமையல் என் பொறுப்பு. எளிமையான சாப்பாடு, ஆரோக்கியமான சாப்பாடு, எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. ஒரு நாளைக்கு ரெண்டு கிராம் உப்பு. நானே பிரிச்சு, நானே எடுத்து, நானே மறுபடி சீல் வைப்பேன்."

"அப்ப நான் என்ன பண்றது?" என்றாள் மனைவி.

"நீ தண்ணி புடிச்சு வை."

சொல்லாமல் விட்டது ஒன்று. பர்ஸுக்குள் நாலாக மடித்து வைத்திருந்த டாக்டர் சீட்டில் 158/98 என்று எழுதியிருந்தது. "மூணு மாசம் பாக்கலாம். உப்பைக் குறைங்க. இறங்கலைன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்" என்றிருந்தார் டாக்டர். மாத்திரைக்கு நான் பயப்படவில்லை. என் அண்ணன் போன வருடம் ஒரு காலைநேரத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது விழுந்தான். இப்போது இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறான். பாதி வாய்க்குப் போகிறது, பாதி சட்டைக்கு. அவனுக்கு ஐம்பத்துமூன்று வயது. எனக்கு ஐம்பத்தொன்று. இதையெல்லாம் வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், 'பயமா இருக்கு' என்று சொல்வதைவிடத் 'திட்டம்' என்று சொல்வது எனக்கு எளிதாக இருந்தது.

முதல் வாரம் வீடு துக்க வீடு. கேரட், பீன்ஸ், பூசணி, பருப்பு எல்லாம் ஒரே பானையில் வெந்தன. பெரியவள் தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். சின்னவள் சோற்றை ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குக் குடிபெயர்த்துக்கொண்டிருப்பாள். நான் மருந்தைப் போல ருசி பார்க்காமல் விழுங்கிவிடுவேன். மாடியில் குடியிருந்து கீழே சாப்பிடும் என் மச்சான், மனைவியின் தம்பி, இரண்டு வாய் தின்றுவிட்டு, "அத்தான், இது நோயாளிக்கா, நோய்க்கா?" என்றான்.

இரண்டாவது வாரம் அதிசயம் நடந்தது. புதன்கிழமை சூப்பை ஒரு மடக்குக் குடித்த பெரியவள் நிமிர்ந்தாள். "அப்பா... நல்லா இருக்குப்பா!"

மச்சான் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டான். "அத்தான், உங்க கையில என்னமோ இருக்கு. ஆபீஸை விட்டுட்டு வந்துடுங்க."

மனைவி தட்டை வழித்து உண்டாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கே ருசித்தது. நாக்கு பழகிவிட்டது, உப்பு என்பது வெறும் மனப்பிரமை என்று முடிவுகட்டினேன்.

அதன்பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. 'குடும்பமே விரும்பும் எளிய வீட்டுச் சமையல்: பன்னிரண்டு விதிகள்' என்று தட்டச்சு செய்து ஆபீஸ் நோட்டீஸ் பலகையில் ஒட்டினேன். ஏழாவது விதி: 'நாக்கைத் திருத்து, நலம் தானே வரும்.' டைப்பிஸ்ட் அம்மாள் வீட்டில் செய்துபார்த்துவிட்டு வந்து, "சார், சுவத்தை நக்கின மாதிரி இருக்கு. என் வீட்டுக்காரர் ரெண்டு நாளா பேசல" என்றார். "அளவு பிசகியிருக்கும்மா. சமையல்ங்கறது துல்லியம்" என்று அனுப்பிவைத்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. மாப்பிள்ளை மாதிரி போய் டாக்டர் முன்னால் கையை நீட்டினேன். அவர் ஒருமுறை பார்த்தார். பட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டி இன்னொருமுறை பார்த்தார்.

"162/100. வெளிய சாப்பிடுறீங்களா?"

"டாக்டர், எங்க வீட்டு உப்பு ஜாடிக்கே சீல் வெச்சிருக்கேன்."

"அப்ப பக்கத்து வீட்டு ஜாடிலருந்து வருதா?"

அவர் மாத்திரை எழுதினார். நான் படியிறங்கும்போது வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். எல்லாம் மடங்கின. உப்பே தின்னாத உடம்பில் அழுத்தம் ஏறுகிறதென்றால் உள்ளே வேறு ஏதோ இற்றுப்போயிருக்கிறது என்று பட்டது. அன்று இரண்டு கடைகளை ஆய்வு செய்யாமலே கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. கணக்கு உதைத்தால் முதலில் கருவியைச் சந்தேகி. வீட்டுத் தராசைச் சோதித்தேன், சரி. அடுத்து, தினமும் தண்ணீர் அளக்கும் ஒரு லிட்டர் குவளை. குவளையைச் சோதிக்க எங்கள் துறையில் ஒரே வழிதான். நிறையத் தண்ணீர் ஊற்றி எடை போட வேண்டும். இந்த வெயிலுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம் நிற்க வேண்டும். அடுப்புக்குப் பக்கத்துக் குடத்திலிருந்து ஊற்றினேன். 1007.

குவளைதான் பெரிது என்று நினைத்தேன். குவளையையும் தராசையும் பையில் போட்டு ஆபீஸுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீர் ஊற்றி நிறுத்தேன். 996.

அதே குவளை. அதே தராசு. தண்ணீர்தான் வேறு.

மதியமே வீட்டுக்கு வந்தேன். யாரும் இல்லை. குடத்துக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது.

அங்கேயே, சமையலறைத் தரையில், அலுவலக பேன்ட்டோடு உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதம் அந்தத் தண்ணீரை என் கையால் அளந்து, ஒரு சொட்டு சிந்தாமல், நானே ஊற்றியிருக்கிறேன். ஒருநாள்கூட அதை நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அளவு சரியாக இருந்ததே!

ஞாயிறு மதியம் எல்லோரும் உட்கார்ந்தபின், குடத்திலிருந்து நாலு டம்ளர் மொண்டு ஆளுக்கொன்றாக வைத்தேன்.

"குடிங்க."

மச்சான் டம்ளரைப் பார்த்தான். "எனக்குத் தாகமில்ல அத்தான்." பெரியவள் திடீரென்று தன் நகங்களை ஆராயத் தொடங்கினாள். சின்னவள் மட்டும் சிரித்தாள்.

"அய்யோ அப்பா, அது சமையல் தண்ணி! அதைக் குடிக்கக் கூடாது!"

ஏழு வயது. பிறந்தநாள் பரிசாக என்ன வாங்கியிருக்கிறோம் என்பதை வாசலிலேயே கத்திச் சொல்லிவிடும் குழந்தை. மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை.

"யார் யோசனை?" என்றேன்.

"கரைஞ்சா கண்ணுக்குத் தெரியாதுன்னு நான்தான்ப்பா சொன்னேன்" என்றாள் பெரியவள். "ஸ்கூல்ல படிச்சோம்."

"உப்பு எங்க இருக்கு?"

"சோப்புத்தூள் டப்பால" என்றாள் மனைவி. "பசங்க ஒரு வாரமா சாப்பிடலைங்க. சின்னவ ஸ்கூல்ல மயங்கி விழுந்தா. உங்ககிட்ட சொன்னா விதி, துல்லியம்னு ஒரு மணி நேரம் பேசுவீங்க. அப்புறம் நீங்களும் ருசிச்சுச் சாப்பிட்டீங்க. சந்தோஷமாத்தானே இருந்தீங்க?"

பர்ஸைத் திறந்து இரண்டு சீட்டையும் மேசையில் பிரித்து வைத்தேன். 158/98. 162/100. அவள் முதலில் தேதியைப் பார்த்தாள். பிறகு எண்களை. பிறகு என்னை.

"பிரஷர்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு கல்லு உப்பு இந்த வீட்டுக்குள்ள வந்திருக்குமா? உங்க அண்ணன் நிலைமைய நான் பாக்கலையா? என்னை யாருன்னு நினைச்சீங்க?" இரண்டு சீட்டையும் என் பக்கம் தள்ளினாள். "நான் பண்ணினது தப்புதான். நீங்க பண்ணினதுக்கு என்ன பேரு?"

அவள் சொன்னது நியாயம். ஆனால் அப்போது எனக்கு வலித்தது அந்த உப்பால் அல்ல. 'நல்லா இருக்குப்பா' என்று பெரியவள் நிமிர்ந்தாளே, அந்த முகம். வழித்து உண்ட தட்டு. 'உங்க கையில என்னமோ இருக்கு.' ஒவ்வொரு இரவும் நான் அவற்றை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன். நான் திரும்பிக்கொண்டதும் இவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் மச்சான். "காய் நறுக்கினது நிஜமாவே அழகா இருந்துச்சு."

மறுநாள் காலை மனைவி குடத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து என் முன்னாலேயே ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு வைத்தாள். இனி எல்லோரும் உப்புக் குறைந்த சாப்பாட்டைத்தான் சாப்பிடுவோம் என்று பெரியவள் தங்கையின் சார்பிலும் வாக்குக் கொடுத்தாள். மாத்திரை போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு விதிகளின்படியும், ஒரு கிராம் பிசகாமல், பருப்பும் காயும் வேகவைத்தேன். எல்லோரும் தட்டின் முன் கைகட்டி உட்கார்ந்து, நான் முதலில் சாப்பிடக் காத்திருந்தார்கள்.

என் சமையலை அன்றுதான் முதன்முறையாக நான் ருசித்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியவில்லை.