பட்டனில் காய்ந்த சந்தனம்

என்னிடம் வரும் செல்போன்களில் பாதியை நான் திறக்கவே மாட்டேன். போனைப் பார்த்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தூக்குகிற ஆட்கள் திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நான் முதலில் பட்டனை அழுத்திக் காதருகே வைத்துக் கேட்பேன். நல்ல பட்டன் 'டிக்' என்று சொல்லும். சொல்லாவிட்டால் இடுக்கில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் கடை வாசலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து நின்றது. முகப்பில் வாடிய மாலை இன்னும் தொங்கியது. இறங்கி வந்தவள் தமிழ்மதி. நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். தோட்டம் தோட்டமாகப் போய் மல்லிகையை ஏற்றிவந்து இங்கே பூ மார்க்கெட்டில் இறக்குகிறவள். வண்டி அவள் பெயரில்தான் இருக்கிறது, ஓட்டுவதும் அவளேதான்.

"பிரிஸ்கில்லாக்கா, சத்தத்தக் கொறைக்கவே முடியல. ஏத்துற பட்டன் அமுங்குனது அமுங்குனபடி நிக்கிது. நாம கொறைச்சா அது மறுபடி ஏறிக்கிருது."

"வேற யாருக்கும் காட்டுனியா?"

"ஒரு கடையில காட்டுனேன். உள்ள பட்டன் ஸ்ட்ரிப்பு போச்சு, மாத்தணும், நாளைக்கு வாங்கன்டாரு. நாளைக்கெல்லாம் ஆகாதுக்கா. செத்த நேரத்துல ஒரு போன் வரும்."

யாருடைய போன் என்று நான் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்தது. அவளே சொன்னாள். மாப்பிள்ளைக்கு ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி. ஞாயிற்றுக்கிழமை உறுதி செய்ய வருகிறார்கள்.

"அதுக்கு முன்னால அவருகிட்ட ஒண்ணு கேக்கணும்க்கா. கல்யாணத்துக்கப்புறம் நா வண்டி ஓட்டலாமா, கூடாதா? வீட்டுல வச்சுப் பேசுனா, இந்தப் போனு கத்துற கத்துக்கு ஊரே கேக்கும். நாலு பேரு கேக்குறாகன்னு தெரிஞ்சா மனுசன் மனசுல உள்ளதயா சொல்லுவாரு?"

"கூடாதுன்னு சொன்னா?"

"சொல்லட்டும். ஒக்காந்து பேசிப் பாக்கலாம். எனக்கு வேண்டியது உண்மை."

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. டார்ச்சை அடித்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பட்டனின் ஓரத்தைப் பார்த்தேன். இடுக்கு முழுக்க மஞ்சளாக ஒரு கோடு. சிரிப்பு வந்துவிட்டது.

"ஏண்டி, போனுக்கும் பொட்டு வச்சியா?"

"பின்ன? வண்டிக்கு வச்சேன், சாவிக்கு வச்சேன். லோடு பூராம் போன்லதான வருது, அத மட்டும் எப்புடி விடுறது?"

"வைக்கிறவ முதுகுல வைக்க வேண்டியதுதான? வெலாவுல இழுகி வச்சிருக்க."

"முதுகுல கவர் மாட்டிருவேன்ல, அழிஞ்சு போகும். முன்னால வச்சா நம்பரு தெரியாது. அதான் ஓரமா வச்சேன்."

நியாயமாகத்தான் யோசித்திருக்கிறாள். ஆயுத பூஜை முடிந்தால் வருடா வருடம் எனக்கு இந்த மஞ்சள் வைத்தியம் உண்டு. எங்கள் சர்ச் சாமியாரும் என் கடையை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தவர்தான். அதனால் இவர்களைக் கேலி செய்ய எனக்கு உரிமை கிடையாது. ஆனால் தீர்த்தம் காய்ந்தால் காய்ந்ததுதான். சந்தனம் காய்ந்தால் சிமெண்ட்.

"ஸ்ட்ரிப்பும் போகல, ஒண்ணும் போகல. உன் பக்திதான் பட்டன அமுக்கிப் பிடிச்சிருக்கு" என்றேன். மெல்லிய பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் தொட்டு, பட்டனைச் சுற்றி விட்டேன். அது ஊறுவதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். போனை மேசைமேல் ஒருக்களித்து வைத்து, "ஊறுற வரைக்கும் தூக்காத. ஈரம் உள்ள எறங்கிரும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, போன் அலறியது. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்தான். தமிழ்மதி என்னைப் பார்த்தாள்.

"காதுல வைக்க முடியாது. அங்கயே இருக்கட்டும், ஸ்பீக்கர்ல போடு. நான் வேணா வெளிய நிக்கிறேன்" என்றேன். பாதி மனதோடுதான் சொன்னேன்.

"நீங்க இருங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் கடைக் கதவை இழுத்துச் சாத்தினாள். நான் போனை அசையாமல் பிடித்துக்கொண்டேன்.

"வணக்கமுங்க. பூவெல்லாம் எறக்கியாச்சுங்களா?" குரல் கடையை நிறைத்தது. மரியாதையான குரல். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

தமிழ்மதி சுற்றி வளைக்கவில்லை. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கல்யாணத்துக்கப்புறமும் நா வண்டி ஓட்டுவேன். அது உங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னா இல்லேன்னே சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு கிசுகிசுப்பு. வயதான பெண் குரல். வேறு போனாக இருந்தால் காதில் விழுந்தே இருக்காது. இந்தப் போனில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது.

"சரின்னு சொல்லு கண்ணு. தாலியக் கட்டிப்போட்டுப் பாத்துக்கலாம். வண்டிய வித்துப்போட்டா அப்பறம் எதய ஓட்டுவா?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அம்மாவை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். தமிழ்மதி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள்.

"தாராளமா ஓட்டுங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்லீங்க" என்றார் மாப்பிள்ளை.

"பக்கத்துல யாரு இருக்காக?"

"யாருமில்லீங்களே. நான் மட்டுந்தானுங்க."

அவள் முகத்தில் அதுவரை சமாதானத்துக்குக் கொஞ்சம் இடம் இருந்தது. அதுவும் போனதை நான் பார்த்தேன். அந்த அம்மா சொன்னதைக்கூட அவள் மன்னித்திருப்பாள் என்றே நினைக்கிறேன்.

"நல்லதுங்க. ஞாயித்துக்கெழம நீங்க வர வேணாம்" என்றாள். குரல் நடுங்கவில்லை. என் பிடியில் இருந்த போனை ஒரு விரலால் துண்டித்தாள்.

நான் ஊசியால் இடுக்கைச் சுரண்டினேன். மஞ்சள் கட்டி கட்டியாக வந்தது. இன்னொரு தடவை ஸ்பிரிட், ஒரு துடைப்பு. பட்டன் மேலே எழும்பியது. "சரியாயிருச்சு. இனிமே கொறையும்" என்று நீட்டினேன்.

அவள் குறைக்கவில்லை. நின்ற இடத்திலேயே அப்பா கருப்புசாமியைப் போனில் கூப்பிட்டாள். கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அழாமல் சொன்னாள். கருப்புசாமி அந்தப் பக்கம் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது. பந்திக்குச் சொல்லி, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர். என்ன கத்தப்போகிறாரோ என்று நினைத்தேன்.

"யாருமில்லேன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"அவுககிட்ட நாஞ் சொல்லிக்கிறேன். நீ சாப்ட்டுட்டு வண்டிய எடு" என்றார்.

"சரிப்பா."

"ஏத்தா, ஞாயித்துக்கெழமைக்கு லோடு எதும் ஒத்துக்கிட்டியா?"

"இல்லப்பா. அவுக வாராகன்னு வந்ததயெல்லாம் வேணாம்னுட்டேன்."

"ஒத்துக்க" என்றார் கருப்புசாமி.