வேம்புலியின் உயில்: சில வரைவுகள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது அல்ல. மேனாம்பேட்டில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் வேம்புலி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து கேட்டார்.

“சார், நீதான் கதையெல்லாம் எழுதுறியே. எனக்கு ஒரு உயில் எழுதிக் குடேன்.”

அது வேறு வேலை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

2

முதல் வரைவு: ‘திருமழிசைத் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் லேத் ஓட்டிய வேம்புலி, தன் மறைவுக்குப் பின்’

(வேண்டாம். முதல் வரியிலேயே ஆளைச் சாகடிப்பது என் பழைய கெட்ட பழக்கம்.)

இரண்டாவது: ‘வேம்புலிக்கு மகன் டில்லிபாபு, மகள் காவ்யா. வீடு ஒன்று.’

இது பரவாயில்லை. சிக்கல் உடனே வந்துவிட்டது. வீடு மொத்தமும் டில்லிபாபுவுக்கு என்றார் வேம்புலி. கணவனைப் பிரிந்து வந்த காவ்யா, மகள் வர்ஷாவோடு அந்த வீட்டு மாடியில்தான் இருக்கிறாள்.

“காவ்யாவுக்கு?”

“அதான் நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சே.”

“அந்த நகை இப்ப எங்க?”

“அத்த வித்துத்தான சார் மாடி கட்டுனது.”

சொல்லிவிட்டு அவர் சாதாரணமாக இருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. சரிபாதி என்று எழுதிவிட்டு, அவருக்கு வேறு மாதிரி வாசித்துக் காட்டினால் என்ன? (கதையில் அது உத்தி. உயிலில் அது மோசடி.)

3

இரண்டு நாள் படித்துத் தெரிந்துகொண்டவை: உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு செய்தால் நல்லது, கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் வேண்டும். உள்ளே இருப்பதை அவர்கள் படிக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதுதான் நிற்கும். இவ்வளவு படித்தவன், முதலில் பார்க்க வேண்டிய வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரைவோடு அவர் வீட்டுக்குப் போனபோதுதான், வீட்டின் நான்கெல்லை எழுதுவதற்காகப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். ‘வாங்குபவர்: வேம்புலி மனைவி பேபி.’

“வீடு உங்க வீட்டம்மா பேர்ல இருக்கே?”

“அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட்டு. லீவு குடுக்கல. இவ போய் கையெழுத்து போட்டுகினு வந்தா. பேர்தான் சார் அவ பேரு. ஊடு என்னுது.”

சட்டத்துக்கு அந்தத் ‘தான்’ புரியாது என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

4

பேபியம்மாவை இப்போதுதான் உங்களுக்குக் காட்டுகிறேன். தப்பு என்னுடையது. இந்தக் கதையில் இதுவரை நான் அவருக்குக் கொடுத்தது, ‘உள்ளே யாரோ டீ போட்டுக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே வரி. அதையும் அடித்துவிட்டேன். காவ்யாவுக்காகக் கோபப்பட்டவன் நான். வெட்கமாக இருக்கிறது.

அவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“அவரு எழுதுனா செல்லாதா?”

“செல்லாதும்மா.”

“நான் எழுதுனா?”

“செல்லும்.”

வந்து என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். “யோவ், நீ கொஞ்சம் வெளிய குந்து” என்றார் கணவரிடம். வேம்புலி என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். அவர் எழுந்து போனார்.

“எதிர் ஊட்டு புஷ்பா ஒரு சாட்சி, நீ ஒரு சாட்சி. நான் சொல்றேன், எழுது சார்.”

5

முடிவு ஒன்று: மாடி காவ்யாவுக்கு, கீழ்வீடு டில்லிபாபுவுக்கு.

முடிவு இரண்டு: மொத்தமும் காவ்யாவுக்கு, ஏனென்றால்

முடிவு மூன்று: கணவர் சொன்னதையே பேபியம்மாவும் சொல்கிறார். (சிரிக்காதீர்கள். பேனாவைத் திறக்கும்போது நான் பயந்தது இதற்குத்தான்.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் காவ்யா என்னைப் பிடித்துக்கொண்டாள். “எவ்ளோன்னு கேக்கல சார். நானும் வர்ஷாவும் அங்க இருக்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லுங்க.”

சொல்லவில்லை. அவளிடமே சொல்லாததை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? தவிரவும் அது இன்னும் முடிவே இல்லை. நேற்றுகூட பேபியம்மா என்னைக் கூப்பிட்டு, இன்னொரு தாள் எடுத்துவரச் சொன்னார்.

அவருக்கு வயது அறுபத்தொன்று. நன்றாக இருக்கிறார். அவர் இருக்கும்வரை இந்தக் கதைக்கு முடிவு கிடையாது. உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால், இருக்கட்டும்.