மருந்துக்கு எவ்வளவு தண்ணீர்

1

இந்தக் கதைக்கு ஒரு கேள்விதான் காரணம். பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா, மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கின் கிளினிக்கில் டாக்டரிடம் மலாயில் கேட்டார்: "வாயில போடுற மாத்திரைக்கு முட்டிக்குப் போற வழி யாரு காட்டுறாங்க?"

டாக்டர் உற்சாகத்தில் ஆங்கிலத்துக்குத் தாவி, துணைக்குப் போயிருந்த என்னைப் பார்த்து விளக்கினார். நான் தமிழாக்கினேன்.

"மருந்து ரத்தத்துல சுத்துமாம்க்கா. வீங்கின முட்டியில ரத்தக் குழாய் கசியும். அந்தக் கசிவோட மருந்தும் உள்ள இருக்கிற தண்ணிக்குப் போயிடும். ரத்தத்துல குறைஞ்ச பிறகும் அங்க கொஞ்ச நேரம் தங்கும்."

தண்ணி. அந்தச் சொல்லைப் போட்டவள் நான்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'ராஜம்மா அதிகம் படிக்காதவர், ஆகவே' (நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது: 'முட்டிகளுக்கும் நினைவுண்டு' (அழகாக இருக்கிறது. ஆனால் வலிக்கிற முட்டியோடு மாடிப்படி ஏறுகிறவர் இதை எழுதமாட்டார்.)

நடந்ததையே எழுதுகிறேன்.

3

பத்து நாள் கழித்துப் பார்க்கப் போனேன். அக்காவின் உதடுகள் வெடித்திருந்தன. பாதங்கள் வீங்கியிருந்தன.

"என்னக்கா இது?"

"தண்ணியக் கொறைச்சிட்டேன்லா. ஒரு நாளைக்கு ரெண்டு கிளாஸ்தான்."

"ஏன்?"

"நீதானே சொன்ன, மருந்து முட்டித் தண்ணியில கலக்குதுன்னு? சாஆ எஸ்டேட்ல இருபது வருஷம் லாலாங் புல்லுக்கு மருந்து அடிச்சவ நான். பம்புல தண்ணி ஜாஸ்தியானா புல்லு சாவாது. வேலை வாங்குற மண்டோர் கத்துவான். எனக்கா தெரியாது?"

(குறிப்பு: புல்லுக்கும் மருந்து, முட்டிக்கும் மருந்து. நம் மொழியில் சொல் ஒன்றுதான். ஆனால் இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடும். உடம்பில் நீரும் வற்றினால் ஆபத்து.)

உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வியாழக்கிழமை.

4

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தவறு முழுவதும் அக்காவின் தலையில் இருக்கிறது. நீங்கள் சிரித்திருப்பீர்கள், பரிதாபமும் பட்டிருப்பீர்கள். அவரை அவசரமாகக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் நல்லவளாக நான் மட்டும் நிற்கிறேன்.

மூட்டுக்குள் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. முட்டை வெள்ளைக்கருவைப் போல வழவழப்பான திரவம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு எது கிடைத்தாலும் பெரும்பாலும் இந்தத் திரவத்தின் வழியாகத்தான். இந்தத் திரவத்துக்கு டாக்டர் சொன்ன ஆங்கிலப் பெயருக்குத் தமிழ் எனக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால், எனக்கும் புரியவில்லை என்று டாக்டருக்குத் தெரிந்திருக்கும். அந்தச் சின்னக் கௌரவத்துக்காக

(இந்த வாக்கியத்தை முடிக்கத் துணிவு வேண்டும். புதன்கிழமை அவர் வீட்டில் முடித்தேன்.)

5

"அக்கா, தப்பு என்னுது. அது தண்ணி இல்ல. நீங்க குடிக்கிற தண்ணி அங்க போயி மருந்த நீர்க்க வைக்காது. எனக்குச் சரியாப் புரியல, கேக்கவும் இல்ல."

"அலமாக்! புக்கு எழுதுறவளுக்கு ஒரு சொல்லு கெடைக்கலையா?"

"கெடைக்கல."

அவர் சிரிக்கவில்லை. "என் கிட்னி போச்சுன்னா கதையில என்ன எழுதுவ?"

முடிவு அ: எல்லாம் நலம். (எனக்கு மன்னிப்பு மலிவாகக் கிடைத்துவிடும்.)

முடிவு ஆ: டயாலிசிஸ். (எனக்கு உங்கள் கண்ணீர் கிடைக்கும்.)

இரண்டிலும் ஆதாயம் எனக்குத்தான். இரண்டையும் அழித்தேன்.

6

வியாழன். டாக்டர் முடிவைத் திறந்தார். என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"மன்னிக்கணும் டாக்டர்," என்று இடைமறித்தேன். "போன தடவை நான் தப்பாச் சொல்லிட்டேன். அவங்களுக்கு மலாய் நல்லா வரும். அவங்ககிட்டயே சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பினார். அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ வெளிய இரு, கோமளா. நான் கேட்டுக்கிறேன்."

எழுந்து வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே இருப்பது அவருடைய ரத்தத்தைப் பற்றிய செய்தி. அதை முதலில் கேட்க வேண்டியவள் நான் இல்லை, நீங்களும் இல்லை.