டீசல் டப்பாவும் பிளாஸ்கும்

படகில் டீசலுக்கு இரண்டு வேலை. ஒன்று இன்ஜினை ஓட்டுவது, இன்னொன்று மீன் முள் குத்திய கைக்கு மருந்தாவது. அந்த ஏரியில் வலை போடுகிறவர்கள் எல்லோரும், கெளுத்தி மீன் குத்தினால் காயத்தில் டீசலை ஊற்றி, கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வலையை இழுக்கப் போய்விடுவார்கள். தம்பிக்கும் அதேதான் நடந்தது. மூன்றாம் நாள் அவன் வலது கட்டைவிரல் கத்தரிக்காய் போல வீங்கி நின்றது.

அக்கா அவனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். படகு இருவருக்கும் பொது. இன்ஜின் அவள் கையில், வலை அவன் கையில். விரல் போனால் வலை வீச முடியாது, சட்டைப் பொத்தானுக்குக்கூட அவளைக் கூப்பிடுவான்.

டாக்டரம்மா விரலின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். முள்ளின் நுனி உள்ளேயே ஒடிந்து கிடந்தது.

"டீசல் போட்டீங்களா?"

தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"நான்தான் ஊத்தினேன்," என்றாள் அக்கா.

டாக்டரம்மா திட்டவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, நுனியை எடுத்தார். விரல் தப்புமா என்பது இரண்டு நாளில் தெரியும் என்றார். இனிமேல் குத்தினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைக்க வேண்டும், விஷம் சூட்டில் அடங்கும், பிறகு நேராக இங்கே வர வேண்டும் என்று சொன்னார். குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் வேறு கையால் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

இரண்டு நாளும் அக்கா படகை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் கட்டு மாற்றும்போது தம்பி விரலை மெல்ல மடக்கினான். பாதிதான் மடங்கியது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

மறுமாதம் அவன் படகேறியபோது வலைக் கூடையில் சோப்பும் தடித்த கையுறையும் குறடும் இருந்தன. கெளுத்தியைக் கையால் தொடுவதற்கு முன் முள்ளைக் குறடால் நறுக்க வேண்டும் என்பது அவள் சட்டம். டீ பிளாஸ்க்கில் வெறும் வெந்நீர். பக்கத்துப் படகுக்காரர், படகில் பிரசவம் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டுச் சிரித்தார்.

அன்று சட்டத்தை மீறியது அவள்தான். வலை சிக்கிய அவசரத்தில் கையுறையைக் கழற்றினாள், உள்ளங்கையில் கெளுத்தி முள் சுருக்கென்று இறங்கியது. பழக்கம் விடுமா, கை தானாக டீசல் டப்பாவைத் தேடியது. தம்பி டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினான். முள் உள்ளே ஒடியவில்லை என்று பார்த்துக்கொண்டு, சோப்புப் போட்டு அவள் கையைக் கழுவிவிட்டான். தழும்பு விழுந்த கட்டைவிரலால் பிளாஸ்க் மூடியை அழுத்தித் திருகினான். திறந்தது. வெந்நீரைச் சட்டியில் ஊற்றி, குடிதண்ணீர் கலந்து, தன் இடது கையை விட்டுப் பார்த்தான்.

"கைய வைக்கா."

வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கத் தொடங்கியது.

"டீயா இருந்தா இன்னும் நல்லாருக்கும்," என்றாள்.

"கரைக்குப் போய்க் குடிக்கலாம். முதல்ல டாக்டரம்மா."

இன்ஜினை அவனே கிளப்பினான். இழுத்துக் கிளப்பும் கயிறு அவன் வலது கையில் இருந்தது.